ஆறு வாரம் ஆறாத புண்

இருட்டில் இரும்புப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தால், இன்னும் இரண்டு படி இருந்தது. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, எலும்பின்மேல் வெறும் தோல் மட்டும் போர்த்தியிருக்கும் இடத்தைப் படியின் விளிம்பு இழுத்துக்கொண்டு போய்விட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் சுருண்டு ஒதுங்கியிருந்தது. ஒரு கணம் அந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் புள்ளி புள்ளியாக இரத்தம் அரும்பியது.

வலிக்கு முன்னால் சிரிப்புதான் வந்தது. காரணம், புண் உண்டாக்குவதுதான் என் பிழைப்பு.

ஆய்வகத்தில் பிளாஸ்டிக் தட்டுகளில் தோல் செல்களை வளர்ப்போம். தரையில் கல் பாவியதுபோல் அவை இடைவெளி இல்லாமல் பரவியதும், பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயின் நுனியால் நடுவில் ஒரு கோடு கிழிப்போம். அவ்வளவுதான் புண். பிறகு சில மணி நேரத்துக்கு ஒரு முறை நுண்ணோக்கியில் படம் எடுப்போம். கோட்டின் இரு கரையிலும் உள்ள செல்கள் மெல்லிய விசிறி போன்ற பாதத்தை நீட்டி, பக்கத்துச் செல்லைக் கைவிடாமல், வெற்றிடத்தை நோக்கி நகரும். மறுநாள் பார்த்தால் இரு கரையும் சேர்ந்திருக்கும். இப்படி எத்தனை நூறு கோடுகள் கிழித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆகவே என் கால் எப்படி ஆறும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை ஆறு வாரம்.

தட்டில் இரத்தம் இல்லை, கிருமி இல்லை, வெள்ளையணு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரப்பட்டுக் கைவைக்கிற சொந்தக்காரன் இல்லை.

முதல் சில நிமிடங்களில் என்ன நடந்திருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். கிழிந்த செல்களுக்குள் இருந்த ஏடிபி வெளியே கொட்டுகிறது. ஏடிபி செல்லுக்குள் இருக்கும்வரை எரிபொருள். வெளியே சிந்தினால் அபாயச் சங்கு. பக்கத்துச் செல்களின் வெளிச்சவ்வில் அது பட்டதும் அவற்றுக்குள் கால்சியம் குபீரென்று உயர்கிறது. கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தைத் தட்டில் கலந்துவிட்டுக் கோடு கிழித்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கீறலின் ஓரத்திலிருந்து வரிசை வரிசையாக வெளிச்சம் பற்றிக்கொண்டு விலகிப் போகும். குளத்தில் கல் விழுந்ததுபோல. சில விநாடிகளில் முடிந்துவிடும். ஏடிபியைச் சிதைக்கும் நொதியை முன்கூட்டியே சேர்த்துவைத்தால் அலை கொஞ்ச தூரத்திலேயே அடங்கிப்போகும்.

இது அக்கம்பக்கத்துக்குச் சொல்லும் சேதி. தொலைவில் இருப்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. 2009-இல் பிலிப் நீதம்மரும் திமோத்தி மிட்சிசனும் வரிக்குதிரை மீன் குஞ்சின் வாலைக் கொஞ்சம் நறுக்கிப் பார்த்தார்கள். காயத்தின் விளிம்பிலுள்ள செல்கள் தாமாகவே ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் தயாரித்து வெளியே விடுகின்றன. அது காயத்தை நெருங்க நெருங்கக் கூடி, விலக விலகக் குறையும் ஒரு சரிவாகப் பரவுகிறது. வெள்ளையணுக்கள் வந்து சேர்வதற்கு முன்பே இந்தச் சரிவு உருவாகிவிடுகிறது என்று காட்டினார்கள். அந்தச் சரிவை உண்டாக்கும் நொதியைத் தடுத்தபோது வெள்ளையணுக்களின் வரவு வெகுவாகக் குறைந்தது.

மின்சாரமும் உண்டு. தோலின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே சிறிய மின்னழுத்த வேறுபாடு எப்போதும் இருக்கிறது. தோல் கிழிந்தால் அந்த இடத்தில் மின்னோட்டம் கசிகிறது. 1843-இல் ஜெர்மானியர் எமில் துபுவா-ரேமோன் தன் விரலில் இருந்த வெட்டுக்காயத்திலேயே இதை அளந்தார். கரையோரச் செல்களுக்கு இந்த மின்புலம் திசைகாட்டி. தட்டில் மின்புலத்தைத் திருப்பிவிட்டால் செல்களும் திரும்பி நடக்கின்றன. முதன்முறை அதைப் பார்த்தபோது, ஏதோ தவறாக இணைத்துவிட்டேன் என்று நினைத்துக் கம்பிகளை இரண்டு முறை சரிபார்த்தேன்.

இவ்வளவும் தெரிந்தவன், மறுநாள் காலையில் என்ன செய்தேன்? கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடை எடுத்துப் புண்ணில் ஊற்றினேன். பொங்கியது. வெள்ளை நுரை எழுந்தால் கிருமி சாகிறது என்று சின்ன வயதிலிருந்து மனதில் பதிந்திருக்கிறது. உண்மையில் அந்த நுரை என் சொந்த இரத்தத்திலும் செல்களிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்ஸைடை உடைப்பதால் வரும் ஆக்ஸிஜன். கிருமியே இல்லாத புதுக் காயத்திலும் பொங்கும். செல்கள் தங்களுக்குள் பேசப் பயன்படுத்தும் அதே பொருளை, அவை பயன்படுத்தும் அளவைப் போலப் பல ஆயிரம் மடங்கு செறிவில், தினமும் இரு வேளை அவற்றின் தலையில் கொட்டினேன். ஆய்வகத்தில் செல்களைக் கொல்ல வேண்டுமானால் இதைவிடக் குறைந்த செறிவுதான் பயன்படுத்துவோம். அறிவு ஓர் அறையிலும் பழக்கம் இன்னோர் அறையிலும் குடியிருக்கின்றன போலும். நடுவில் கதவு இல்லை.

அடுத்தது, "காற்றாடவிட்டால் காயும்" என்ற நம்பிக்கை. கட்டுப் போடாமல் விட்டேன். இரண்டு நாளில் பழுப்பாகப் பக்குக் கட்டியது. நடக்கும்போதெல்லாம் கெட்டியான அந்தப் பக்கு நடுவில் வெடித்துச் சிவந்த கோடு தெரிந்தது. குளிக்கும்போது ஊறிய ஓரத்தை நகத்தால் நிமிண்டினேன். யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

ஈரப்பதம் என்ன செய்யும் என்பது 1962-லேயே தெரிந்துவிட்டது. ஜார்ஜ் விண்ட்டர் என்பவர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்துவைத்தார், சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் பரவியது. காரணம் எளிது. நகரும் செல்லுக்கு ஈரமான தரை வேண்டும். மேற்பரப்பு காய்ந்து பக்கானால், அந்தச் செல் பக்குக்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம்வரை இறங்கி, வழியில் உள்ளதை நொதியால் கரைத்துக்கொண்டே ஊர்ந்து போக வேண்டும். நான் பக்கைப் பிய்த்த ஒவ்வொரு முறையும், அடியில் ஊர்ந்துகொண்டிருந்த அந்த மெல்லிய வரிசையையும் சேர்த்துப் பிய்த்திருக்கிறேன்.

ஏழாம் நாள் இரவு தொடையிடுக்கில் ஏதோ உருண்டை தட்டுப்பட்டது. தொட்டால் வலித்தது. நெறி கட்டியிருந்தது. தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டுமாம் என்று சம்பந்தமில்லாத விஷயத்துக்குக் கேலியாகச் சொல்வோம். உடம்புக்குள் அது கேலி இல்லை. புண்ணில் கிடைத்த கிருமித் துணுக்குகளை வாயில் கவ்விக்கொண்டு சில செல்கள் நிணநீர்க் குழாய் வழியே தொடையிடுக்கிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. அங்கே படை பெருகுகிறது. கணு வீங்குகிறது. காலில் நடந்தது தொடையில் தெரிகிறது.

மறுநாள் மருத்துவரிடம் போனேன். புண்ணைச் சுற்றிச் சிவப்பு, சூடு, வீக்கம். இவை மூன்றும் முதல் இரண்டு மூன்று நாள்களில் எந்தப் புண்ணிலும் வரும். தோலில் காவலிருக்கும் மாஸ்ட் செல்கள் கொட்டும் ஹிஸ்டமின் என்ற பொருள் இரத்தக் குழாய்களைத் திறந்துவிடுவதால் வருபவை. அதைப் பார்த்து அலற வேண்டியதில்லை. எட்டாம் நாளிலும் கூடிக்கொண்டே போனால் கதை வேறு. மருத்துவர் பேனாவால் சிவப்பின் எல்லையைச் சுற்றிக் கோடு போட்டார். "இந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று நாளைக்குப் பாருங்கள். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு மேல்நோக்கி வரியாக ஓடினாலோ நாளை வரை காத்திருக்காதீர்கள்" என்றார். மறுநாள் காலை ஒரு பக்கம் விரலகலம் தாண்டியிருந்தது. மாத்திரை தொடங்கினார். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை, அதையும் போட்டார். நான் அன்று கற்றதில் உடனடியாகப் பயன்படக்கூடியது அந்தப் பேனாக் கோடுதான். "நேற்றைவிட அதிகமாக இருக்கிறதோ?" என்று நள்ளிரவில் கண்ணை இடுக்கிக்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

கட்டுப் போட்டவர் வயதில் மூத்த சிஸ்டர். என் தொழிலைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லியிருப்பேன். அவர் என் பெராக்ஸைடு கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, உங்கள் தட்டில் இருக்கிற செல்லுக்கு இதைத் தினமும் ஊற்றுவீர்களா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் வேலை செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மருத்துவரிடம் கிளம்புமுன் நான் வீட்டில் ஒட்டியிருந்த பஞ்சுத்துணி புண்ணோடு இறுகியிருந்தது. உப்புநீரை அதன்மேல் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பத்து நிமிடம் கழித்து வந்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் நீர் விட்டார். பிறகு துணியை மேலே தூக்காமல், தோலோடு தோலாகப் படுக்கவைத்து மடித்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உருட்டினார். இரத்தம் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. "இழுத்தால் நேற்றைக்கு வந்ததும் கூடவே வந்துவிடும்" என்றார்.

அடியில் ஈரமான மஞ்சள் படலம் இருந்தது. சீழ் என்று பதறினேன். அது பெரும்பாலும் இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் என்ற இழைப் புரதமும் நிணநீரும்தான். நாற்றமோ கெட்டியான கசிவோ இல்லாவிட்டால் சும்மா இருக்கலாம் என்று விளக்கினார். ஓரங்களில் சிவப்பு மணல் தூவியதுபோல் குருணை குருணையாக இருந்ததைக் காட்டினார். "இதுதான் நல்ல சதை. இது வந்துவிட்டால் எனக்கு நிம்மதி" என்றார். அந்த ஒவ்வொரு குருணையும் புதிதாக முளைத்த நுண்குழாய்களின் சுருள். புண்ணுக்குள் ஆக்ஸிஜன் குறைந்ததும் செல்களில் ஹெச்.ஐ.எஃப் என்ற புரதம் சிதையாமல் தங்குகிறது. அது விஇஜிஎஃப் என்ற சேதியை அனுப்பச் செய்கிறது. அதைக் கேட்டுப் பக்கத்து இரத்தக் குழாய்கள் கிளைவிடுகின்றன. ஆக்ஸிஜன் குறைவதைச் செல் எப்படி உணர்கிறது என்று கண்டறிந்ததற்காக மூன்று பேருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. சிஸ்டருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. எனக்குப் பெயர்கள் தெரியும், குருணையைப் பார்த்து நிம்மதி அடையத் தெரியாது.

அன்று முதல் செய்தது இவ்வளவுதான்: சுத்தமான நீரால் கழுவுவது, மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி, ஒட்டாத கட்டு, கட்டு நனைந்தாலோ ஓரிரு நாள் ஆனாலோ மாற்றுவது. உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது. காலின் முன்னெலும்புப் பகுதியில் சதையும் இரத்த ஓட்டமும் குறைவு, நீர் இறங்கி நிற்பது அதிகம். அங்கே பட்ட அடி முகத்தில் பட்டதைவிடத் தாமதமாகத்தான் ஆறும்.

கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்த நாள்களில்தான், என் புண்ணை நான் எங்கே கெடுத்தேன் என்பது உறைத்தது. தட்டணுக்கள் இரத்தத்தை அடைக்கும்போதே பிடிஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா ஆகிய வளர்ச்சிக் காரணிகளை, அதாவது செல்களை வளரச் சொல்லும் சேதிப் பொட்டலங்களை, அவிழ்த்துவிடுகின்றன. முதலில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து கிருமியை அடிக்கின்றன. இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் வருகின்றன. இவற்றின் சேட்டை வேடிக்கையானது. முதலில் வரும்போது இவையும் சண்டைக்காரர்கள்தாம். இன்னும் ஆளை அழைத்துவா என்று கூவுபவை. ஆனால் வேலை முடிந்து செத்து விழும் நியூட்ரோஃபில்களை விழுங்கத் தொடங்கியதும் அவற்றின் குணம் மாறுகிறது. போதும் என்ற சேதியையும் கட்டுங்கள் என்ற சேதியையும் அனுப்ப ஆரம்பிக்கின்றன. அந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்ற நெசவுச் செல்கள் தோலுக்கு வலுவூட்டும் கொலாஜன் புரதத்தை இழைக்கின்றன, புண் சுருங்குகிறது, தோல் மூடுகிறது. சண்டை எப்படித் தொடங்குகிறது என்பதைவிட எப்படி ஓய்கிறது என்பதில்தான் ஆறுவதும் ஆறாததும் இருக்கிறது. நானோ தினமும் புதிதாகச் செல்களைக் கொன்று, தினமும் புதிதாக ஏடிபியைக் கொட்டவைத்து, புண்ணுக்கு ஏழு நாளும் முதல் நாளாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

இதைப் புரிந்துகொண்டபோது தாய்மாமாவின் நினைவு வந்தது. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் செருப்புக்குள் கிடந்த சிறு கல்லோடு ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறார். கால் மரத்திருந்ததால் தெரியவில்லை. குதிகாலில் வந்த புண் ஏழு மாதம் ஆறவில்லை. "வளர்ச்சிக் காரணி ஏதோ மருந்தாகவே வருகிறதாமே, அதைத் தடவினால் என்ன?" என்று அப்போது எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். இருக்கிறது. பிடிஜிஎஃப்-ஐ ஜெல்லாகச் செய்து, நீரிழிவுக் கால்புண்ணுக்கென்று அமெரிக்காவில் 1997-இல் அனுமதித்தார்கள். சிலருக்குப் பயன்பட்டது, எதிர்பார்த்த அற்புதம் நிகழவில்லை. ஏன் என்று யோசித்தால் சேதிகளின் கதைதான் மறுபடியும் வருகிறது. நாள்பட்ட புண்ணில் நியூட்ரோஃபில்கள் போக மறுத்து உட்கார்ந்திருக்கின்றன. அவை கொட்டும் புரதம் அறுக்கும் நொதிகள், புதிய இழைகளை மட்டுமல்ல, வளர்ச்சிக் காரணிகளையும் அவற்றைக் கேட்கும் ஏற்பிகளையும்கூட நறுக்கிப்போடுகின்றன. கடிதம் எழுதினால் போதாது. வழியில் கிழித்துப்போடுபவர் இருக்கும்வரை எத்தனை கடிதம் எழுதி என்ன?

மாமாவுக்குக் கடைசியில் கைகொடுத்தது இறந்த சதையை மருத்துவர் சீவி எடுத்ததும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்ததும், குதிகாலில் எடையே விழாதபடி செய்து கொடுத்த காலணியும்தான். மூன்றிலும் கடினம் மூன்றாவது. வீட்டுக்குள் பத்தடி தூரம்தானே என்று வெறுங்காலோடு எழுந்து போய்விடுவார். அந்தப் பத்தடியில் பிஞ்சுச் சதை நசுங்கும், மறுபடி முதல் நாள். நீரிழிவு உள்ளவர்களின் கால்புண்ணை, எவ்வளவு சிறியதானாலும், வீட்டு வைத்தியத்தில் வைத்திருக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

தூக்கத்தையும் மனக்கவலையையும் பற்றி எனக்கு முன்பு அலட்சியம் இருந்தது. 1995-இல் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்துவந்த பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு காயம் செய்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பராமரிப்பவர்களுக்கு ஆற சராசரியாக 9 நாள் அதிகமாயிற்று. கவலையில் ஊறும் கார்டிசால் என்ற ஹார்மோன் அந்த ஆரம்பச் சேதிகளையே அமுக்கிவிடுகிறது. படித்துவிட்டு அன்றிரவு கணினியைப் பத்து மணிக்கு மூடினேன். மறுநாள் மூடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் வாரம் நமைச்சல் தொடங்கியது. ஐந்தாம் வாரம் இரு கரையும் சேர்ந்துவிட்டன. தட்டில் பார்த்ததுபோலவே, ஒன்றையொன்று தொட்டதும் செல்கள் நடையை நிறுத்திவிடும். மூடிவிட்டது என்ற மகிழ்ச்சியில் அந்த வாரமே ஓடப் போனேன். திரும்பி வந்தபோது காலுறையில் இரத்தக் கறை. தோல் மூடியது கூரை போட்டதுபோல. உள்ளே சுவர் எழும்பவில்லை. மூன்று வாரத்தில் ஒரு தழும்புக்கு இருப்பது பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அவசரத்துக்குப் போட்ட மூன்றாம் வகைக் கொலாஜனைக் கழற்றி, முதல் வகையை இழுவிசையின் திசையில் அடுக்கி முடிக்க மாதங்கள் ஆகும். அப்போதும் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ஓட்டத்துக்கு இன்னொரு மாதம் விடுப்பு. ஆறாம் வார முடிவில் மறுபடி மூடியது.

இப்போது அந்த இடம் பளபளவென்று, முடியில்லாமல், சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கருத்து இருக்கிறது. வெயில் பட்டால் இன்னும் கருக்கும் என்பதால் மூடியே வைத்திருக்கிறேன்.

ஆறியதும் மாமாவிடம் போய் என் காலைக் காட்டினேன். அவர் தழும்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீ படித்தவன் மாப்பிள்ளை, உனக்கு ஆறு வாரமா?" என்று சிரித்தார். அவருடைய கட்டிலுக்கு அடியில் கைப்பிடி வைத்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி கிடந்தது. படுக்கப் போகுமுன் அதைத் தரையில் வைத்து, ஒவ்வொரு பாதத்தையும் அதன்மேல் தூக்கிப் பிடித்து, விரல் இடுக்கு முதல் குதிகால் வரை பார்ப்பார். செருப்பை மாட்டுமுன் உள்ளே கைவிட்டுத் துழாவுவார். அன்று எனக்கும் சேர்த்துக் கண்ணாடியைத் திருப்பி, என் உள்ளங்காலில் நான் கவனிக்காத ஒரு வெடிப்பைக் காட்டினார்.